கடைசியில் வருபவரின் மூன்று நிமிஷம்

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், கொலராடோ நதி செம்பாறைகளை அறுத்துக்கொண்டு வெளிப்படும் பள்ளத்தாக்கின் ஓரமாக, மோவாப் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. 1950களில் யுரேனியம் தேடி ஜனங்கள் அவ்வூரில் வந்து குவிந்தார்கள். அந்த வேகம் தணிந்து, சுரங்கத் தொழில் ஒடுங்கி, ஊர் களையிழந்து நின்ற 1980களில் வேறொரு கூட்டத்தார் வரத் தொடங்கினார்கள். அவர்கள் பூமிக்குள் இருந்த தாதுவை நாடாமல், பூமிக்கு மேலே வெறுமனே கிடந்த பாறையையே நாடி, அகன்ற டயர் பூட்டிய சைக்கிள்களோடு வந்தார்கள். இன்று மலைச் சைக்கிளில் ஆசை வைத்தவர்களுக்கெல்லாம், ஆயுளில் ஒரு முறையாவது போய்வர வேண்டிய க்ஷேத்திரமாக அவ்வூர் ஆகிவிட்டது.

அந்தப் பாறைக்கு ‘ஸ்லிக்ராக்’, அதாவது வழுக்குப் பாறை என்று பெயர். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜூராசிக் யுகத்தின் தொடக்கத்தில், காற்று வாரிக் குவித்த மணற்குன்றுகள், நிலத்தடி நீர் விட்டுச்சென்ற தாதுப் பொருள்களால் இறுகிக் கல்லாகிவிட்டன. புவியியலார் அதை நவஹோ மணற்கல் என்று வழங்குகிறார்கள். பாறையின் பக்கங்களில் சாய்ந்து சாய்ந்து செல்லும் மெல்லிய வரிகளைக் கூர்ந்து நோக்கினால், மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்னே எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது என்பதையும் சொல்லிவிடலாம். இரும்பு லாடம் அடித்த குதிரைகளோடு வந்து குடியேறியவர்களுக்கு அந்தக் கல் வழுக்கியது; அதனால் அந்தப் பெயர் நிலைத்தது. ரப்பருக்கோ அது தச்சனுடைய உப்புத்தாள் போன்றது. மென்மையான ரப்பர், மணல்மணிகளின் இடுக்குகளில் அமுங்கி, ஒவ்வொரு மணியையும் பற்றிக்கொள்கிறது. 1969ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக இப்பாறைமேல் வட்டமாகச் சுற்றிவரும் பாதை ஒன்று வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 10 மைல் நீளமுள்ள அப்பாதைக்கு இன்றும் வெள்ளைச் சாயத்தில் தீட்டிய சிறு கோடுகளே வழிகாட்டி.

நாங்கள் நண்பர்கள் நால்வர், ஓர் அக்டோபர் மாதத்தில், வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலை வரையில் அங்கே கழிப்பதென்று தீர்மானித்தோம். ஜூலையில் பகல் உஷ்ணம் 37 டிகிரியைத் தொட்டு நிற்கும். குளிர்காலத்திலோ பாறையின் நிழற்பக்கங்களில் பனி உறைந்துவிடும். ஆகவே வசந்தமும் இலையுதிர் காலமுமே உகந்தவை. திட்டம் வகுக்க உட்கார்ந்தபோது எல்லாருடைய வாயிலும் முதலில் வந்த கேள்வி, “எத்தனை மைல்?” என்பதுதான். சாலையில் செல்லும் சைக்கிளுக்கு அக்கேள்வி பொருந்தும். ஆனால் இந்தப் பத்து மைலைச் சுற்றிவர மூன்று மணி, நான்கு மணி நேரம் ஆகிறது. அது கால்நடையாகப் போகிறவனுடைய வேகம். சக்கரத்தின்மேல் ஏறியிருந்தும் நடையைத் தாண்ட முடியாத ஒரு பாதையில், தூரம் என்னும் அளவுகோலைத் தூக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு மேட்டையும் கடக்கத் தேகத்துக்கு என்ன செலவாகிறது, அந்தச் செலவை ஈடு செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கேட்பதே முறை. இது எனக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தோன்றவில்லை. முதல் நாள் மாலை ஒரு நண்பர் விழுந்த பிறகுதான் தோன்றியது.

பெரிய வட்டத்துக்குப் பக்கத்திலேயே, பழகுவதற்கென்று இரண்டு மைலளவில் ஒரு சிறிய வட்டமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை, வெயில் சாய்ந்த வேளையில், அதில் ஏறினோம். எங்களில் ஒருவர் நெடுநாள் கழித்துச் சைக்கிளைத் தொட்டவர். மூவரும் ஒரு முகட்டில் ஏறி நின்று, அவர் வந்து சேரும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் வந்தார், முகம் சிவந்து, மூச்சு இரைக்க, “எனக்கொன்றுமில்லை, போகலாம்” என்றார். உடனே புறப்பட்டோம். செங்குத்தான சரிவுகளையெல்லாம் தாண்டி வந்த அந்த மனிதர், முழங்கால் உயரங்கூட இல்லாத ஒரு சாதாரணப் படியில், முன் சக்கரத்தைத் தூக்க வேண்டிய கணத்தில் தூக்க இயலாமல், பக்கவாட்டில் சரிந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். காயத்தைக் கழுவும்போது பார்த்தேன்: பிரேக் பிடித்த அவருடைய இரண்டு விரல்களும், பிடி விட்ட பிறகும் மடங்கியபடியே நடுங்கிக்கொண்டிருந்தன.

அந்த நடுக்கத்தின் காரணம் உடற்கூற்று நூலார் நன்கு அறிந்தது. ஆளும் வண்டியுமாக 90 கிலோ எடையை, நூறடி முன்னேறினால் முப்பதடி உயரும் சரிவில், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 280 வாட் சக்தி வேண்டும்; ஓரளவு பழகிய ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியதோ 200 வாட்டை ஒட்டியதுதான். மிச்சத்தைத் தசைகள் தம்முள் சேமித்து வைத்திருக்கும் கையிருப்பிலிருந்து கொடுக்கின்றன. பாஸ்போகிரியேட்டின் என்னும் அந்தப் பொருள், முழு மூச்சாகச் செலவழித்தால் சுமார் பத்து வினாடிகளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஓய்ந்து நின்றால் முப்பது வினாடிகளில் பாதியளவு திரும்பும். முழுவதும் நிரம்ப மூன்று நிமிஷத்திலிருந்து ஐந்து நிமிஷம் வரை ஆகும். இப்பொழுது முகட்டில் காத்திருந்த எங்களை நினைத்துப் பாருங்கள். முதலில் ஏறியவருக்கு ஐந்து நிமிஷ ஓய்வு கிடைத்தது, அடுத்தவருக்கு நான்கு, எனக்கு மூன்று, மிகவும் களைத்துக் கடைசியில் வந்தவருக்கு அரை நிமிஷங்கூட இல்லை. அவருக்காக நாங்கள் காத்திருந்ததாக எண்ணிக்கொண்டோமே தவிர, அந்தக் காத்திருப்பால் பயன் பெற்றவர்கள் நாங்கள் மூவருமே. ஒவ்வொரு முகட்டிலும் இதே கணக்கு திரும்பத் திரும்ப நிகழுமானால், பலமுள்ளவர் புதுப்பலம் பெறவும், களைத்தவர் மேலும் களைக்கவும், நட்பின் பெயராலேயே ஓர் அநீதி வளர்ந்துகொண்டு போகிறது. அன்றிரவு கூடாரத்தில் நாங்கள் எழுதிய ஒரே விதி இதுதான்: கடிகாரம் ஓடத் தொடங்குவது கடைசி மனிதர் கால் ஊன்றிய பிறகு, அதிலிருந்து மூன்று நிமிஷம், அவரே “போகலாம்” என்றாலும், எவரும் பெடலைத் தொடக் கூடாது.

களைப்பு ஏன் அந்தச் சின்னப் படியில் வந்து வெளிப்பட்டது என்பதற்கும் விடை உண்டு. நம் ஊரில் வாடகைச் சைக்கிளில் ஏறிப் பழகும் சிறுவனுக்குப் பெரியவர்கள், விழுகிற பக்கமே ஹாண்டில்பாரைத் திருப்பு என்று சொல்லிக்கொடுப்பார்கள். சைக்கிளின் சமநிலை ரகசியம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. இடப்பக்கம் சாயும்போது முன் சக்கரம் இடப்பக்கமே திரும்பினால், சக்கரங்கள் சரியும் உடலுக்கு அடியில் வந்து அதைத் தாங்கிக்கொள்கின்றன. சுழலும் சக்கரத்தின் பம்பரத் தன்மையே சைக்கிளை நிறுத்துகிறது என்ற எண்ணம் நீண்ட நாள் நிலவியது. டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், அந்தத் தன்மையை எதிர்ச்சுழற்சியால் நீக்கிவிட்ட ஒரு விசேஷ வண்டியை அமைத்து, அதுவும் ஆளில்லாமலே தானாக நிமிர்ந்து ஓடுவதை 2011இல் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். ஆனால் தானாக நிமிர்வதற்கு வேகம் வேண்டும். நடை வேகத்தில் வண்டி தன்னைக் காத்துக்கொள்ளாது. ஓட்டுபவனே வினாடிக்கு வினாடி அதைக் காக்க வேண்டும். வேகம் குறையக் குறைய, அதே சாய்வைச் சரிசெய்ய ஹாண்டில்பாரை அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. வெட்டவெளியில் அதற்கு இடம் உண்டு. ஒரு சாண் அகலமுள்ள பாறை விளிம்பில் இல்லை. மலைப்பாதையில் துரிதமாகச் செல்வதைக் காட்டிலும் நிதானமாகச் செல்வதே பெரிய வித்தை என்று தேர்ந்தவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. அந்த வித்தைக்கு வேண்டிய நுட்பமான தசையசைவுகள்தாம், களைப்பு வந்ததும் முதலில் பிசகுகின்றன.

அன்றிரவு நாங்கள் நன்றாக உறங்கினோம். அதையும் திட்டத்தின் ஓர் அங்கமாகவே கொள்ள வேண்டும். புதிதாகப் பழகிய அசைவுகளை மூளை உறக்கத்தில் செப்பனிட்டு நிலைநிறுத்துகிறது என்பது, விரல்களால் தட்டும் எளிய பயிற்சிகளைக் கொண்டு செய்த சோதனைகளில் தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது. முழு உடலையும் ஈடுபடுத்தும் வித்தைகளுக்கு அதை அப்படியே நீட்டிச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் மாலையில் சிறு வட்டம், இடையே ஓர் இரவு, காலையில் பெரிய வட்டம் என்ற கிரமம் மாற்றத் தகாதது என்பதே என் துணிபு.

சனிக்கிழமை காலையில் முதல் வேலை டயர்களைக் கவனித்தது. சைக்கிள் கடையில் ‘எத்தனை பவுண்டு காற்று’ என்று கேட்பார்கள் அல்லவா, அந்தப் பவுண்டுக் கணக்கில் பார்த்தால் விஷயம் எளிதில் விளங்கும். ஆளும் வண்டியுமாக 200 பவுண்டு. ஒரு சக்கரத்துக்குச் சுமார் 100. டயரில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தம் இருந்தால், ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 2 சதுர அங்குல அளவே பாறையைத் தொடும். 25 பவுண்டாகக் குறைத்தால் 4 சதுர அங்குலம் தொடும். தொடும் பரப்பு விரிய விரிய, ரப்பர் கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படிந்து பற்றும். இன்னும் குறைத்தால் என்ன? படியின் விளிம்பில் டயர் நசுங்கிச் சக்கரத்தின் வளையமே கல்லில் மோதும். எங்கள் நண்பர் 40 பவுண்டு வைத்திருந்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது கல்லைப்போல இருந்தது. 25க்கு இறக்கியதும் அதே விரல் சற்றே உள்ளே அமிழ்ந்தது. அன்று அவர் ஒரு சரிவிலும் சறுக்கவில்லை.

தண்ணீர் அங்கே ஒரு சொட்டும் கிடையாது. ஊரிலிருந்தே சுமந்து செல்ல வேண்டும். சக்கரத்தைச் சுழற்ற 200 வாட் கொடுக்கும் தேகம், அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உஷ்ணத்தையும் உண்டாக்குகிறது. மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகிப் போனால்தான் அந்த உஷ்ணம் நீங்கும். பாலைவனத்தின் வறண்ட காற்றில் வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடுவதால், சட்டை நனையாது; வியர்க்கவே இல்லை என்று மனம் ஏமாறும். நண்பகலில் எங்கள் முதுகில் படிந்திருந்த வெள்ளை உப்புக் கோலமே உண்மையைச் சொல்லிற்று. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கொண்டுபோனோம், மிஞ்சவில்லை. தலைக்கவசம், கையுறை, காயத்துக்கு மருந்து, போகும் இடத்தை ஒருவரிடம் சொல்லிவைத்தல் ஆகியவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கே காத்திருப்பது என்பதை விரித்தே சொல்ல வேண்டும். பாறைகளுக்கு இடையே உள்ள மண்ணில், கறுத்து முடிச்சு முடிச்சாக எழுந்த ஒரு மேற்பொருக்கு காணப்படும். குனிந்து பார்த்தால் சின்னஞ்சிறு கோட்டைகள் நெருங்கி நிற்கும் நகரத்தைப்போலத் தோற்றமளிக்கும். அது வெறும் மண் அல்ல, உயிர். சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் பசையுள்ள இழைகளால் மணலைப் பின்னிப் பிணைத்து, லைக்கன்களோடும் பாசிகளோடும் கூடி அமைத்த அந்தப் போர்வைதான், காற்று மண்ணை அள்ளிப் போகாமல் காத்து, நைட்ரஜனையும் மண்ணுக்குச் சேர்த்து, அப்பாலைவனத்தில் ஒரு செடி முளைக்க இடம் தருகிறது. ஒரு காலடி, ஒரு டயர்த் தடம் பட்டாலும் அது நொறுங்கும். மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வழிவிட ஒதுங்குகிறவரும், நண்பருக்காகக் காத்து நிற்கிறவரும் அறியாமலே செய்யும் தீங்கு இது. ஆகவே மூன்று நிமிஷத்தைக் கழிக்கும் இடம் பாறையாகவே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இந்த ஒரு விஷயத்தில் தளர்ச்சி காட்டுகிறவரோடு நான் பிரயாணம் செய்ய விரும்பேன்.

ஞாயிறன்று லாசால் மலையிலிருந்து கொலராடோ நதிவரை இறங்குவது எங்கள் உத்தேசம். உச்சியில் 3,400 மீட்டர் உயரத்துப் பரோ கணவாயில் தொடங்கினால், 2,100 மீட்டருக்கு மேல் இறங்கலாம். ஆனால் அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. அக்டோபரில் பனியும் விழுந்துவிடும். கடைசி நண்பரை நினைத்து, பாதி வழியிலிருந்தே தொடங்கி, பார்க்குப்பைன் விளிம்பு என்னும் பாதையில் இறங்கினோம்.

இறக்கம் எளிது என்று எண்ணுவோர், இழந்த உயரம் எங்கே போகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 1976ஆம் ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவின் மரீன் கவுண்டியில், பழைய கனத்த சைக்கிள்களில் சில இளைஞர்கள் மலையிறக்கப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். மலைச் சைக்கிளின் பிறப்பே அங்கேதான். 400 மீட்டர் இறங்கும் அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர்; ஒரு முறை இறங்கினால் பின் சக்கரக் குடத்திலுள்ள பிரேக் சூடேறிக் கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைத்தாக வேண்டும் என்பதால் வந்த பெயர். 90 கிலோ எடை 400 மீட்டர் இறங்கும்போது விடுபடும் சக்தி, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இன்றைய டிஸ்க் பிரேக்குகள் அந்த உஷ்ணத்தை மெல்லிய எஃகுத் தகட்டில் வாங்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் தகடும் சூடேறும், விரலும் மரத்துப்போகும். சற்று நேரம் உறுதியாகப் பிடித்து, பிறகு முழுவதும் விட்டுவிட வேண்டும். நிற்கும் இடங்களில் தகட்டுக்கும் மூன்று நிமிஷம் ஓய்வு கிடைக்கிறது.

நண்பகலுக்குச் சற்று முன் விளிம்பின் உச்சிக்கு வந்தோம். கீழே வெகு ஆழத்தில் காஸில் பள்ளத்தாக்கு, அப்பால் செந்தூண்கள், பின்னால் லாசால் சிகரங்களில் புதுப்பனி. கடைசியில் வந்தவர் பாறைமேல் கால் ஊன்றினார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எவரும் பேசவில்லை. இரண்டாவது நிமிஷத்தில் அவருடைய மூச்சு அடங்கிற்று. விரல்களை விரித்து மடக்கி, மீண்டும் விரித்துப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது நிமிஷம் முடிந்தும் நாங்கள் அசையாமல் இருந்ததைக் கண்டு, அவரே வண்டியை நிமிர்த்தி, இடுப்பைப் பின்னே தாழ்த்தி, எல்லாருக்கும் முன்னதாக அந்த முதற்படியில் சக்கரத்தை இறக்கினார்.