தோல் நகரத்துச் சோற்றுக்கடைகளும் கடனும்

பாலாற்றங்கரை நகரமாகிய வாணியம்பாடியைப் பற்றிப் பேசுவோர் முதலில் தோலைப் பற்றிப் பேசுவர்; சற்று நாவின் சுவை அறிந்தவராயின் சீரகச் சம்பா பிரியாணியையும் சேர்த்துக்கொள்வர். அத்தோலைப் பதனிடும் தொழிலாளி விடியற்காலையில் எதை உண்டு வேலைக்குச் செல்கிறான், அதைச் சமைத்துக் கொடுப்பவள் எவரிடம் கடன்பட்டு அரிசி வாங்குகிறாள் என்று விசாரிப்போர் அரியர். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அதுவே.

சந்துமுனையில் இட்லிக் கொப்பரை வைத்திருப்பவளும், வீட்டுத் திண்ணையில் சோறு வடித்துப் போடுபவளும் செய்வது சிறு வியாபாரந்தான். ஆனால் அதில் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் ரொக்கத்துக்கு வாங்கவேண்டும். உண்பவனோ கூலி நாள் வரையில் கணக்கு வைப்பான். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் தண்டல்காரர் வந்து உட்காருகிறார். அவருடைய கணக்கின் மாதிரி ஒன்று: எழுதிக்கொள்வது 10,000 ரூபாய், கையில் தருவது 8,500. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் தீரும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் கட்டிக்கொண்டே வருவதால், சராசரியாக அவள் கையில் நின்ற பணம் ஏறத்தாழ 4,250 ரூபாயே. அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபதையும் தாண்டுகிறது!

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. அதிக வட்டி வசூலித்தலைத் தடை செய்து 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நிறைவேறிய சட்டத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. வக்கீல் தொழில் செய்வோர் யாவரும் இதை அறிவர். தொகை எழுதாத புரோநோட்டில் கையொப்பமிட்டவள் கோர்ட்டுப் படி ஏறுவதில்லை என்பதையும் அவர்கள் அறிவர். நாளை அதே மனிதரிடம் அவள் மீண்டும் கை நீட்டவேண்டும் அல்லவா?

தண்டல்காரரை வைதுவிட்டுப் போவது எளிது. ஆனால் அவரிடம் நாம் கற்கவேண்டியதும் உண்டு. அவர் வாசலுக்கு வருகிறார். சீட்டு, பத்திரம், சான்று ஒன்றும் கேட்பதில்லை. அன்றன்றைய வரும்படியிலிருந்து சிறுகச் சிறுக வாங்கிக்கொள்கிறார். பாங்கி இம்மூன்றில் ஒன்றையேனும் செய்கிறதா?

தெருவோர வியாபாரிகளுக்கென்றே மத்திய சர்க்கார் ஒரு கடன் திட்டத்தை 2020 ஜூன் 1ஆம் தேதி தொடங்கிற்று. ஸ்வநிதி என்பது அதன் பெயர். ஈடு இல்லை, முதற்கடன் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டுவோர் வட்டியில் நூற்றுக்கு ஏழு பங்கைச் சர்க்காரே ஏற்கும். 2025 ஆகஸ்டில் முதற்கடன் 15,000 ஆகவும், இரண்டாவது 25,000 ஆகவும் உயர்த்தப்பட்டன, மூன்றாவது 50,000. திட்டம் நல்லதே. ஒரு விந்தையையும் இங்கே குறிப்பிடவேண்டும். பாலாறு கெட்டது பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28இல் தோல் சாலை ஒவ்வொன்றுக்கும் விதித்த அபராதமும் 10,000 ரூபாய்தான்! அச்சாலைகளின் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களுக்குச் சர்க்கார் மானியம் கிடைத்தது. அதை நாம் குறை கூறவில்லை. ஆறு எல்லோருக்கும் சொந்தம். அச்சாலைத் தொழிலாளிக்குச் சோறிடுபவளுக்கென்று தனித் திட்டம் பிறக்க இவ்வளவு காலம் பிடித்ததே என்பதுதான் நம் வருத்தம்.

நிற்க. இக்கடனைப் பெற வியாபாரச் சான்றோ, அடையாள அட்டையோ, முனிசிபாலிடியின் சிபாரிசுக் கடிதமோ வேண்டும். தள்ளுவண்டிக்காரர் எப்படியோ ஒன்றைத் தேடிக்கொள்வார். அடுப்பங்கரையிலேயே சமைத்து அனுப்பும் பெண்ணை யார் கணக்கெடுப்பார்?

இது தீராத சிக்கலன்று. பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளருக்கு வீட்டிலேயே சமைத்துப் போட்ட பெண்களும் இவ்வாறே நகையை அடகு வைத்துத் தானியம் வாங்கிக்கொண்டிருந்தனர். 1975இல் தொழிற்சங்க ஊழியரான பிரேமா புரவ் அம்மையார் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகளிர் மண்டலியை நிறுவினார். சொத்து இல்லாத அப்பெண்கள் குழுவாக நின்று ஒருவருக்கொருவர் ஜாமீனாயினர்; நாட்டுடைமையான பாங்கி கடன் கொடுத்தது. ஆலைச் சோற்றுக்காரிக்கு அங்கே இயன்றது தோல் சாலைச் சோற்றுக்காரிக்கு இங்கே ஏன் இயலாது?

வாணியம்பாடிக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. இங்கே முஸ்லிம் சகோதரர் மிகுதி. வட்டி வாங்குவதைப் போலவே கொடுப்பதையும் பாவமெனக் கருதும் குடும்பத்தாரிடம், வட்டியில் ஏழு பங்கைத் தள்ளித் தருகிறோம் என்றால் அவர் என்ன செய்வார்? உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தும் உழவருக்குத் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வட்டியின்றிப் பயிர்க்கடன் தருகின்றன. நெல் விளைப்பவருக்குத் தரும் சலுகையை, அந்நெல்லைச் சோறாக்குபவருக்கும் தருவதில் என்ன தடை? சங்கத்தின் குமாஸ்தா ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு மாலையில் தெருவழியே சென்று நாள் தவணையை வாங்கி வரட்டும். தண்டலின் முறை இருக்கும். அதன் நஞ்சு இராது. இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904லேயே திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் கண்ட மாகாணத்துக்கு இது புதுப்பாடமன்று.

உதவி செய்யும்போது, இன்ன பண்டத்துக்கு உண்டு, இன்னதற்கு இல்லை என்று பேதம் பாராட்டலாகாது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த முற்பட்டு, மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் கண்டனம் எழுந்ததும், முடிவில் விழா மழையைக் காரணம் காட்டி ஒத்திவைக்கப்பட்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். தோல் வட்டாரத்தில் அப்பண்டத்தை விற்றுப் பிழைப்போர் பெரும்பாலும் ஏழைகள்.

இனி, நம் ஊழியர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஒவ்வொரு நகர வியாபாரக் குழுவிலும் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத உறுப்பினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவராயிருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாயிருக்கவேண்டும். வாணியம்பாடி அன்பர்கள் முனிசிபாலிடி ஆபீசுக்குச் சென்று அக்குழுவின் பட்டியலைக் கேட்டு வாங்கட்டும். அதில் இட்லிக்காரப் பெண்கள் எத்தனைபேர் என்று எண்ணி நமக்கு எழுதினால், அதை இதே பக்கத்தில் வெளியிடுவோம்.