பொருள், பக்குவம், பந்தி: ஜுபைல் வாழ் தமிழரின் உணவு ஏக்கம்

முன்னுரை

பொருள்தேடிப் பிரிதல் தமிழ் அகமரபு வகுத்த பிரிவுகளுள் ஒன்று. கடல் கடந்து செல்வோன் மனைவியை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் தரும் செய்தி. முந்நீர் என்னும் சொல்லுக்குக் கடல் எனப் பொருள் கொள்ளும் உரைவழி இது. பாலைத்திணைப் பாடல்கள் பிரிந்தோன் கடக்கும் வழியின் கொடுமையையும் காத்திருப்போளின் துயரையும் விரித்துரைக்கின்றன. சென்ற இடத்தில் அவன் எதை உண்டான், அதை யார் சமைத்தார், எந்தச் சுவையை எண்ணி ஏங்கினான் என்னும் வினாக்களுக்கு அப்பாடல்களில் பெரிதும் இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய வளைகுடாப் பெயர்வு இவ்வினாக்களைத் தமிழாய்வின் முன் வைத்துள்ளது.

சவுதி அரேபியாவின் ஜுபைல் நகரத்தைக் களமாகக் கொண்டு, அங்கு வாழும் தமிழரின் உணவு ஏக்கத்தை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழர் சமையலுக்கு வேண்டிய பொருள்களுள் இன்று அந்நகரில் கிடைக்காதவை மிகச் சிலவே. இருந்தும் ஏக்கம் குறைந்தபாடில்லை. இம்முரணை விளங்கிக்கொள்ள, ஏக்கத்தைப் பொருள், பக்குவம், பந்தி என மூன்றாகப் பகுத்துக் காண்பது பயன்தரும்.

நகரும் குடியிருப்பும்

ஜுபைல், கிழக்கு மாகாணத்தில் தம்மாம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த கடற்கரை ஊர். முத்துக்குளிப்பும் மீன்பிடிப்பும் அதன் பழந்தொழில்கள். எண்ணெய் தேடி வந்த அமெரிக்க நிலவியலாளர் 1933 செப்டம்பரில் முதலில் கரையிறங்கியது இங்கேதான். ஜுபைல், யான்பு ஆகிய நகரங்களைத் தொழில் நகரங்களாக உருவாக்கும் பொருட்டு 1975இல் அரச ஆணையம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் சாபிக் நிறுவனம் தோன்றியது. மீனவர் ஊருக்கருகே பெட்ரோ வேதியியல், உரம், எஃகு ஆலைகள் எழுந்தன. அவற்றைக் கட்டவும் இயக்கவும் பராமரிக்கவும் வந்தவர்களுள் தமிழகத்து வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் சாரம் கட்டுவோரும் மின்பணியாளரும் பொறியாளரும் உண்டு.

இவர்களின் உணவு வாழ்க்கையைத் தீர்மானிப்பது குடியிருப்பு முறையே. நிறுவன முகாமில் தங்குவோர் மெஸ் உணவை உண்கின்றனர். நகருக்குள் அறை எடுத்துப் பலர் சேர்ந்து தங்கும் ‘பேச்சிலர்’கள் முறைவைத்துச் சமைக்கின்றனர், இவர்களுள் பெரும்பாலோர் மணமானவர்கள் என்பதால், வளைகுடாத் தமிழில் அச்சொல் மணமாகாதவனைக் குறிக்காமல் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவனையே குறிக்கிறது. குடும்ப விசா பெறத்தக்க பணியும் ஊதியமும் உடையோர் மனைவி மக்களுடன் வாழ்கின்றனர். ஏக்கம் என்னும் ஒரே சொல் இம்மூவகையினரிடத்தும் வெவ்வேறு பொருள் கொள்கிறது.

பொருள்

தொடக்க காலத்தில் ஏக்கம் பெரிதும் பொருள் பற்றியதாகவே இருந்தது. ஊரிலிருந்து திரும்புவோரின் பெட்டியே அன்றைய அங்காடி. அப்பெட்டியில் இடம்பெற்றவற்றை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய், தாளிப்பு வடகம், புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு ஆகிய யாவும் நீர் நீக்கப்பட்டவை, அல்லது உப்பும் புளியும் எண்ணெயும் காப்பாக அமைந்தவை. நுண்ணுயிர் வளர ஈரம் வேண்டும். வெயிலும் உப்பும் அவ்வீரத்தைக் குறைக்கின்றன, புளிப்பு வளர்ச்சியைத் தடுக்கிறது, மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றை விலக்குகிறது. வழிநடைக்குக் கட்டுச்சோறு கட்டிய மரபறிவு அப்படியே விமானப் பெட்டிக்குள் புகுந்தது எனலாம். வளைகுடா வழித்தடங்களில் பெரும்பாலும் வழங்கப்படும் 30 கிலோ எல்லைக்குள், எது எவ்வளவு என்று வீட்டில் நடக்கும் கணக்கு அவ்வறிவின் இன்றைய வடிவம்.

பெட்டிக்குள் அடங்காதவை வேறு. நுங்கு வெட்டிய சில நாளில் முற்றிப்போகும். பதநீர் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். இவற்றை நினைக்க முடியுமே தவிர வரவழைக்க முடியாது. சட்டம் தடுப்பதும் உண்டு. குருமாவைக் கெட்டியாக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை என்பதால், சவுதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைசெய்யப்பட்டது. மளிகைப் பொட்டலங்களோடு அதை அறியாமல் கொண்டு செல்வோர் போதைப்பொருள் வழக்கில் சிக்கும் இடர் உண்டு. ஆகவே வளைகுடாத் தமிழ்ச் சமையலில் கசகசாவின் இடத்தை முந்திரியும் தேங்காயும் நிரப்பின.

இன்று நிலைமை மாறிவிட்டது. பேரங்காடிகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பொன்னி அரிசி, அரைத்த இட்லி மாவு ஆகியன கிடைக்கின்றன; பொங்கலையொட்டிக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வருகின்றன. கடல்மீனுக்கும் குறைவில்லை. அரபியர் கனஅத் என்பது வஞ்சிரம். ஷேரி என்பது விளமீன். ஹாமூர் கலவா இனத்தைச் சார்ந்தது. மீன் சந்தையில் நிற்கும் குமரிக் கடற்கரைத் தமிழனுக்குப் பெயர்கள் புதியவை, மீன்கள் பழகியவை. பகாலா எனப்படும் சிறு மளிகைக்கடையும், குபூஸ் எனப்படும் ரொட்டியும், கப்சா எனப்படும் இறைச்சிச் சோறும் அவன் பேச்சில் இயல்பாகக் கலந்துவிட்டன. அரசு மானிய மாவினால் விலை குறைந்து கிடைத்த குபூஸ், சமைக்க நேரமில்லாதவனின் அன்றாட உணவாயிற்று. குபூஸும் பருப்புக் குழம்பும், குபூஸும் ஊறுகாயும் என்ற இணைகள் இருவேறு நாட்டு உணவு ஒரே தட்டில் சேர்ந்ததன் சான்றுகள்.

பக்குவம்

பொருள் கிடைத்த பின்னும் சுவை கைகூடாதபோது ஏக்கத்தின் இரண்டாம் படிநிலை தெரிகிறது. பக்குவம் என்பது பொருளோடு நீர், வெப்பம், கருவி, நேரம், கை ஆகியன கூடி விளைவது.

நீரை முதலில் கருதலாம். தாமிரபரணித் தண்ணீரால்தான் திருநெல்வேலி அல்வாவுக்கு அச்சுவை என்று நம்பும் சமூகத்திலிருந்து வந்தவர், கடல்நீரை நன்னீராக்கும் பேராலைகள் இயங்கும் நகரில் வாழ்கின்றனர். உப்பு நீக்கிய நீரில் இயற்கைத் தாதுக்கள் மிகக் குறைவு. குடிநீராக வழங்குமுன் அவற்றை மீண்டும் சேர்க்க வேண்டும். காப்பியும் சோறும் ஊரில் போல் அமையாததற்கு நீரையே காரணமாகச் சுட்டுவது பொதுவழக்கு. அவ்வழக்கின் வேதியியல் எவ்வாறாயினும், ஊரை அதன் நீரால் அடையாளம் காணும் மனநிலை அதில் வெளிப்படுகிறது.

வெப்பத்திற்கு இட்லி மாவே சான்று. ஏறத்தாழ 30 பாகை வெப்பத்தில் ஓரிரவில் நன்கு பொங்கும் மாவு, குளிரூட்டிய அறையில் மந்தமாகிறது. கோடையில் குளிரூட்டாத சமையலறையில் விரைந்து புளித்துவிடுகிறது. குளிர்கால இரவுகளில் போர்வை சுற்றி வைத்தாலன்றி எழுவதில்லை. கருவியும் இடர் தந்தது. சவுதி வீடுகளில் நெடுங்காலம் வழங்கியது 127/220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். இந்தியக் கருவிகளோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு அமைந்தவை. கோயம்புத்தூரிலிருந்து சுமந்து வந்த கிரைண்டரைச் சாதாரண மின்செருகியில் மாட்டினால் அது முறையாக ஓடாது. உயர்மின்னழுத்தச் செருகியோ மின்மாற்றியோ வேண்டும்.

இவற்றிலும் பெரிது நேரம். ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ‘ஷட்டவுன்’ காலங்களில் 12 மணி நேர முறைப்பணி வழக்கமானது. போக்குவரத்து, குளியல், உறக்கம் போக எஞ்சும் பொழுதில் குழம்பு கொதித்து வற்றும் வரை காத்திருக்க இயலாது. முகாம் மெஸ்ஸில் ‘தென்னிந்திய உணவு’ என்னும் ஒரே தலைப்பின்கீழ்த் தமிழர், மலையாளிகள், தெலுங்கர் அனைவருக்கும் சேர்த்துச் சமைக்கப்படுகிறது. யாருக்கும் முற்றிலும் அந்நியமாகாத அவ்வுணவு யாருடைய வீட்டுச் சுவையாகவும் அமைவதில்லை. செட்டிநாடு, கொங்கு, நாஞ்சில் என வட்டாரந்தோறும் வேறுபடும் குழம்புகள் அங்கு ஒரே சாம்பாராகச் சுருங்குகின்றன.

ஆண்களின் கைக்குச் சமையல் வந்து சேர்ந்தது இந்நிலையின் மற்றொரு விளைவு. ஊரில் அடுப்படிப் பக்கம் செல்லாதவர், அறையில் தம் முறை வரும் நாளில் எட்டுப் பேருக்குச் சமைக்கிறார். அளவுகளை அம்மாவிடமோ மனைவியிடமோ தொலைபேசியில் கேட்டறிகிறார். ‘கைப்பக்குவம்’, ‘கண்ணளவு’ என்று எழுதப்படாமல் வழங்கிவந்த பெண்களின் அறிவு, கரண்டிக் கணக்காகவும் நிமிடக் கணக்காகவும் மொழிபெயர்க்கப்பட வேண்டிய கட்டாயம் இங்கு எழுகிறது. உணவு வரலாற்றாய்வாளர் பதிவுசெய்ய வேண்டிய மாற்றம் இது.

பந்தி

மூன்றாம் படிநிலை, உடனிருந்து உண்பது. ஜுபைலில் வாழும் தமிழ் முஸ்லிம்களின் நோன்புக்கஞ்சி இதனைத் தெளிவாக்கும். ரமலான் மாதத்தில் நாடு முழுவதும் நோன்பிருக்கும் மண்ணில், பேரீச்சம்பழமும் சம்பூசாவும் சூப்பும் நிறைந்த இஃப்தார் விரிப்பின் முன் அமர்ந்தும், கீழக்கரையினரும் அதிராம்பட்டினத்தாரும் கஞ்சியைத் தேடுகின்றனர். சமயம் ஒன்றாயினும் நாவு ஊரைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது. அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் முதலியன கொண்ட அக்கஞ்சிக்கு அரிய பொருள் எதுவும் தேவையில்லை. ஆனால் தமிழகத்துப் பள்ளிவாசலில் அது பெருங்கொப்பரையில் காய்ச்சி ஊருக்கே ஊற்றப்படுவது. மாலையில் தூக்குவாளியோடு சிறுவர் வரிசையில் நிற்பதும் அதன் பகுதி. அறைச் சமையலில் கஞ்சி வந்துவிடும், வரிசை வாராது. தமிழர் அமைப்புகள் வளைகுடா நகரங்களில் நடத்தும் இஃப்தார்களில் கஞ்சி இடம்பெறுவது இக்குறையை ஈடுசெய்யும் முயற்சியே.

குறுந்தொகையின் 167ஆம் பாடல் இங்கு நினைவுகூரத் தக்கது. தயிரைப் பிசைந்த விரலை ஆடையில் துடைத்து, தாளிப்புப் புகை கண்ணில் நிறையத் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அது கண்டு மனைவியின் முகம் நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழார் காட்டும் இக்காட்சியில் உணவு நிறைவுறுவது இருவர் முகமும் எதிர்ப்படும் கணத்தில்தான். ஜுபைலுக்கு வரும் ஊறுகாய்ப் புட்டியில் கையின் பக்குவம் உண்டு, அக்கணம் இல்லை. சமைத்தவள் உண்பதைக் காண்பதில்லை. உண்பவன் முகமலர்ச்சியைக் காண்பதில்லை.

2017: ஓர் ஆண்டு, இரு மாற்றங்கள்

இப்பகுப்பின் பொருத்தத்தை ஓர் ஆண்டின் நிகழ்வுகள் உறுதிப்படுத்துகின்றன. 2017 ஜூலையில் சவுதி அரசு, அயல்நாட்டுப் பணியாளருடன் வாழும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் 100 ரியால் கூடி 2020இல் அது 400 ரியாலாயிற்று. மனைவியும் இரு குழந்தைகளும் உடையவர் 2020 முதல் மாதம் 1,200 ரியால் செலுத்த வேண்டியதாயிற்று. பல குடும்பங்கள் தாயகம் திரும்பின. வீடு வைத்து வாழ்ந்தவர் மீண்டும் ‘பேச்சிலர்’ ஆயினர். கடைகளில் பொருள் குறையவில்லை. உண்ணும் முறை ஒரே மாதத்தில் மாறியது. இரவு மூவர் நால்வராய் அமர்ந்து உண்டவர் பகிர்வறையில் தட்டுடன் தனித்தமர்ந்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் இணையவழிக் குரல், காணொளி அழைப்புகள் மீதான தடை சவுதியில் நீக்கப்பட்டது. அதன்பின் கைப்பேசியைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து, ஊரிலிருப்பவள் சொல்லச் சொல்லச் சமைப்பதும், இருபுறமும் திரையை எதிரே வைத்துக்கொண்டு உண்பதும் எளிதாயின. சவுதி நேரம் இந்திய நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. ஊரில் இரவுணவு முடியும் பொழுதில் ஜுபைலில் பணி முடிந்து அடுப்பு மூட்டப்படுகிறது. ஆகவே ஒருவர் உண்ண மற்றவர் காத்திருப்பது இயல்பாயிற்று. முகம் காண்பது திரும்பக் கிடைத்தது. ஒரே சட்டியிலிருந்து பரிமாறுவது கிடைக்கவில்லை.

முடிவுரை

ஜுபைல் தமிழரின் உணவு ஏக்கம் பொருளில் தொடங்கிப் பக்குவத்திற்கும், அங்கிருந்து பந்திக்கும் இடம்பெயர்ந்துள்ளது. முதலாவதை வணிகம் தீர்த்தது. இரண்டாவதைக் கருவிகளும் பயிற்சியும் ஓரளவு தீர்த்தன. மூன்றாவது ஊதியம், விசா, பணிநேரம், கட்டணம் ஆகியவற்றைச் சார்ந்தது. எந்த அங்காடியும் அதை விற்பதில்லை. குடும்பத்தோடு அமர்ந்து உண்ணுதல் ஒரு வருவாய் வரம்புக்கு மேற்பட்டோர்க்கே வாய்க்கும் நிலை, உணவாய்வைத் தொழிலாளர் ஆய்விலிருந்து பிரிக்க இயலாதென உணர்த்துகிறது.

புலம்பெயர் தமிழாய்வு இதுவரை கதை, கவிதை, அமைப்புகள், இதழ்கள் ஆகியவற்றைத் தொகுப்பதில் கருத்துச் செலுத்தியுள்ளது. பெட்டிக்குள் சென்ற பொருள்களின் பட்டியல், அறைகளின் சமையல் முறைக் கணக்கேடு, தொலைபேசியில் சொல்லப்பட்ட செய்முறைகள் ஆகியனவும் ஆவணங்களே. வளைகுடாவுக்குச் சென்ற முதல் தலைமுறையினர் இன்று முதுமையுற்று ஊர் திரும்பியுள்ளனர். அவர்களும், அவர்களுக்காக வற்றல் காயவைத்த பெண்களும் நினைவோடு இருக்கும்போதே இவற்றைத் திரட்டுதல் வேண்டும். பாலைத்திணை விட்டுச்சென்ற வினாக்களுக்கு விடை அங்குக் கிடைக்கும்.