டெண்டர் திறக்கும் முன்பே கேளுங்கள்

நகராட்சி தெருவிளக்கு வாங்கினாலும், மாநகராட்சி குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்கு விட்டாலும், "டெண்டர் யாருக்குப் போச்சு?" என்றுதான் ஊர் கேட்கிறது. அதற்கு வெகு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: டெண்டர் ஆவணத்தில் என்னென்ன நிபந்தனைகள் போட்டிருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1998-இல் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் இயற்றப்பட்டது. விதிகள் 2000-இல் வந்தன. உள்ளாட்சி அமைப்புகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இரண்டு உறை முறையில் முதலில் தொழில்நுட்ப உறையைப் பிரிப்பார்கள். அதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே அடுத்து திறக்கப்படும். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதும், மிகக் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டும்தான். முடிவில் குறை காணும் போட்டியாளர், ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சட்டம் வலுவானதுதான். ஆனால், விலை உறையைப் பிரிக்கும் நேரத்தை மட்டும் கண்காணித்தால் போதாது. போட்டியைக் கொல்லும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கலாம். சிறிய வேலைக்குப் பல மடங்கு ஆண்டு வருமானம் கேட்பது, ஒரே கம்பெனியின் பொருளுக்கு மட்டும் பொருந்தும்படி அளவுகளை எழுதுவது, ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சின்ன டெண்டர்களாக்குவது ஆகியவை எல்லாம் காகிதத்தில் ஒழுங்காகவே தெரியும். போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலை போட்டால், எத்தனை உறைகள் வந்தாலும் பயனில்லை. நஷ்டம் வரி கட்டும் மக்களுக்குத்தான்.

மாநில அரசின் டெண்டர் இணையதளத்தில் அறிவிப்புகளைப் பார்க்கலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டு, விலை ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு இருக்கிறது. ஆனால், 15 நாளில் முடியும் டெண்டரை இந்த வழியில் தடுத்து நிறுத்த முடியாது.

எனவே, பெரிய டெண்டர்களின் தகுதி நிபந்தனைகளையும் அவற்றுக்கான காரணங்களையும் அறிவிப்பு வரும் நாளிலேயே உள்ளாட்சி அலுவலகங்கள் எளிய தமிழில் பலகையில் ஒட்ட வேண்டும். கவுன்சிலர்கள் மன்றக் கூட்டத்தில் அவற்றை விவாதிக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பின் அதை ரத்து செய்யப் பெரும்பாலும் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். அவகாச நாட்களிலோ, ஒரு திருத்த அறிவிப்பே நிபந்தனையை மாற்றிவிடும்.