காரில் கனத்த நாதம்: சப்வூஃபர் பொருத்துமுன் சில செய்திகள்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓசூர் சாலை நன்கு பழகிய சாலை. கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் என்று சேலம் நோக்கிப் போகும் அந்தச் சில மணி நேரத்தில்தான் வீட்டார் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோம். பள்ளியில் கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தொடர்ந்து காதில் விழுவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே வண்டியில் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவதை வீண் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த ஆசையை நிறைவேற்ற ஜே.சி. ரோட்டுக்குப் போய், ஒரு மணி நேரத்தில் ஒரு பெட்டியைப் பொருத்திக்கொண்டு வருகிறவர்கள், தம் குடும்பம் உட்காரும் வண்டியின் மின்சார அமைப்பில் கை வைக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பாட்டின் பாதி எங்கே போகிறது?

மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கார்க் கதவில் உள்ள ஆறு அங்குல ஸ்பீக்கருக்கு 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலு இல்லை. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஒலிப்பதோ 41 ஹெர்ட்ஸில். 1976ல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் எவ்வளவு அழகாகத் தனிவழி நடக்கும் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். 1992ல் வந்த ‘ரோஜா’வுக்குப் பிறகு தாழ்ந்த ஒலிகளுக்கு இன்னும் இடம் கூடியது. சாதாரணக் கார் ஸ்டீரியோவில் இவற்றின் அடித்தளம் காணாமல் போகிறது. தவிலும் மிருதங்கத்தின் இடப்பக்கமும் மெலிந்து கேட்கின்றன.

மிருதங்கத்தைச் சொன்னதும் நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1933ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். அடுத்த ஆண்டே இந்தியத் தோற்கருவிகளின் ஒலியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். தோலின் நடுவே பூசும் கருமையான பூச்சு, வெறும் ஓசையைச் சுருதியுள்ள நாதமாக மாற்றுகிறது என்பதை அவர் விளக்கினார். எடையும் பரப்பும் சேர்ந்துதான் நாதத்தை முடிவு செய்கின்றன. சப்வூஃபரிலும் அதே கதைதான். தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பும், அதை அசைக்கப் போதிய மின்சக்தியும் தேவை.

இருக்கும் ஸ்டீரியோவை மாற்ற வேண்டாம்

முன்பெல்லாம் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகுவார்கள். இன்றைய கார்களில் தொடுதிரை, பின்புறக் கேமரா, ஸ்டியரிங் பட்டன்கள் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் அதை அசைக்காமல் விடுவதே நல்லது.

கம்பெனி ஸ்டீரியோவின் மேல் ‘50 வாட் பெருக்கல் 4’ என்று எழுதியிருந்தாலும், பேட்டரியின் 14 வோல்ட்டில் அது தொடர்ந்து தரக்கூடியது ஒரு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 20 வாட்தான். சப்வூஃபருக்கு இது போதாது. ஆகவே தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

அந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டை எங்கிருந்து எடுப்பது? பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே எடுக்கலாம். ஸ்பீக்கர் ஒயரை நேராக ஏற்கும் ‘ஹை லெவல் இன்புட்’ வசதி பல ஆம்ப்ளிஃபயர்களில் உண்டு. அது இல்லையென்றால் இடையில் ‘லைன் அவுட்புட் கன்வெர்ட்டர்’ என்னும் சிறு பெட்டியை வைப்பார்கள். சில கம்பெனி ஸ்டீரியோக்கள் ஒலியைக் கூட்டக் கூட்டத் தாழ்ந்த ஒலியைத் தாமே குறைத்துக்கொள்ளும். கதவு ஸ்பீக்கர் கிழியாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அத்தகைய வண்டியில் சப்வூஃபரும் ஒலி கூடும்போது அடங்கிவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

பேட்டரியிலிருந்து வரும் ஒயர்

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான்.

300 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர், 80 சதவிகிதத் திறனோடு வேலை செய்தால் பேட்டரியிடமிருந்து 375 வாட் வாங்கும். 13.8 வோல்ட்டில் கணக்கிட்டால் இது 27 ஆம்பியர். இரண்டு 55 வாட் ஹெட்லைட் பல்புகளும் சேர்ந்து வாங்குவது 8 ஆம்பியர். அதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்! ஆகவே சிகரெட் லைட்டர் இணைப்பிலிருந்தோ, ஸ்டீரியோவின் பின்னால் இருக்கும் மெல்லிய ஒயரிலிருந்தோ இந்த மின்சாரத்தை எடுக்கவே கூடாது. பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். இந்த அளவுக்கு 8 கேஜ், அதாவது சுமார் 8 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தேவை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரும் சந்தையில் விற்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அது மின்சாரத்தைக் கடத்தும் திறனில் குறைந்தது. நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரிந்துவிடும்.

இந்த ஒயரில் ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். அது பேட்டரிக்கு அருகிலேயே, ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். பலர் நினைப்பதுபோல் அந்தப் பியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்காக அல்ல, ஒயரைக் காப்பதற்காக. எஞ்சின் அறையிலிருந்து இரும்புத் தகட்டைத் துளைத்து, மிதியடிக்கு அடியில், பிள்ளைகள் உட்காரும் இருக்கையின் கீழே நான்கைந்து மீட்டர் ஓடும் ஒயர் அது. வழியில் எங்காவது உறை தேய்ந்து இரும்பில் பட்டால், பேட்டரியின் முழு மின்சாரமும் அதன் வழியே பாயும். ஒயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். பியூஸ் ஆம்ப்ளிஃபயரின் பக்கம் மட்டும் இருந்தால் இடையிலுள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுவதும் இதே காரணத்தால்தான்.

நெகட்டிவ் ஒயரும் அதே கனத்தில், குட்டையாக, பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்கப்பட வேண்டும். பாட்டு வரும் ஒயரை ஒரு பக்கமும் பேட்டரி ஒயரை மறுபக்கமும் கொண்டுபோனால், எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப எழும் ‘ஙொய்’ என்ற இரைச்சல் வராது.

மஞ்சள் நிற உறையோ மஞ்சள் இணைப்போ தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக்கின் ஒயர், தொடக் கூடாது. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிளில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். அதன் பக்கமே போகக் கூடாது.

பெட்டியா, சாமானா?

டிக்கியில் பன்னிரண்டு அங்குலப் பெட்டியை வைத்துவிட்டு, ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுக்கும் அரிசி மூட்டையையும் தேங்காயையும் எங்கே வைப்பது? குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முன் இருக்கையின் அடியில் அடங்கும், ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய எட்டு அங்குலச் சப்வூஃபர் பெரும்பாலும் போதும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே கிட்டத்தட்ட ஏழு மீட்டர். ஆகவே அது எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. பின் இருக்கைக்கு ஏ.சி. காற்று போகும் குழாய் அந்த இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் அதைப் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் திடீரென பிரேக் போட்டால் பதினைந்து கிலோ பெட்டி முன்னால் பறந்து வரும். தரையில் ஆணி துளைக்கும் முன் கீழே பெட்ரோல் டாங்க் இல்லை என்பதை உறுதி செய்துகொள்வதும் அவசியம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஜே.சி. ரோட்டிலும் மற்ற இடங்களிலும் திறமையான தொழிலாளிகள் இருக்கிறார்கள். ஆனாலும் வேலைக்கு முன் நாம் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. பியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர்? ஒயர் முழுச் செம்பா? கம்பெனி ஒயரை வெட்டாமல், பொருந்தும் கப்ளர் வைத்து இணைக்க முடியுமா? பில்லில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக எழுதப்படுமா? வெட்டிய ஒயரைக் காட்டி வாரண்டி மறுக்கப்பட்டால் நாம்தான் அலைய வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் வண்டி டீலரிடம் முன்னமேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்திய பின் சரிப்படுத்துவது எளிது. ‘லோ பாஸ்’ திருகை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் பங்கு வைத்து, ஆம்ப்ளிஃபயரின் ‘கெயின்’ திருகைப் பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். ஒலி கரகரக்கத் தொடங்கியதும் சற்றுக் குறைத்து நிறுத்துங்கள். சப்வூஃபர் தனியாகக் கேட்கக் கூடாது. பாட்டு நிறைவாகக் கேட்க வேண்டும்.

அளவோடு

85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்புக்கான பரவலான அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் அது கால் மணி நேரம்தான். பின் இருக்கையில் இருப்பது குழந்தைகளின் காது. ஆம்புலன்ஸின் சைரன் நம் காதுக்கு எட்ட வேண்டியதும் அவசியம். தெருவிலும் அக்கம்பக்கத்தாரை நினைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்துள்ளன. தாழ்ந்த ஒலி சுவரையும் ஊடுருவிப் போகும்.

கடைசியாக ஒன்று. நீண்ட பயணத்துக்கு முன் நகருக்குள்ளேயே அரை மணி நேரம் பாட்டை ஓடவிட்டு, பிறகு பானட்டைத் திறந்து பியூஸ் பெட்டியையும் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் ஓசூர் சாலைப் பக்கம் திரும்பாமல் நேரே பட்டறைக்குப் போங்கள்.