சுழலும் உலகமும் செவிப்பறை வழி மருந்தும்

‘கலிவரின் பயணங்கள்’ என்னும் அங்கத நூலை 1726ஆம் ஆண்டில் உலகுக்களித்த ஜோனதன் ஸ்விப்ற், இளமை தொட்டே தலைசுற்றலாலும் செவிப்புலக் குறைவாலும் அல்லலுற்றவர். அப்பிள் பழங்களை மிகுதியாக உண்டதே தலைசுற்றலுக்குக் காரணமென்று அவர் நம்பினார். அது மெனியே நோயாகலாம் என்பது பின்வந்த மருத்துவர் பலரின் துணிபு.

அந்நோய்க்குத் தம் பெயரை ஈந்த புரொஸ்பர் மெனியே, பாரிஸ் நகரிலே காது கேளாதோர் கல்விக்கூடத்தின் மருத்துவராயிருந்தவர். இத்தகைய தலைசுற்றல் மூளையில் எழுவதென்று பிறர் கருதிய காலத்தில், அதன் மூலம் உட்செவியில் உள்ளதென 1861இல் அவர் எடுத்துரைத்தார். கேட்கும் உறுப்பும் உடலின் சமநிலை காக்கும் உறுப்பும் உட்செவியில் அயல்வீட்டார்போல் அமைந்துள்ளன. இந்நோயில் அங்குள்ள நீர் மிகுந்து சவ்வுக்குழல் வீங்குதலை 1938இல் ஆய்வாளர் கண்டனர். நோய் எழுங்கால் உலகம் சுழலும், காது இரையும், கேள்வி மங்கும், வாந்தி வருத்தும்.

உணவில் உப்பைக் குறைத்தும் மாத்திரை உண்டும் நோய் அடங்காதவர்க்கு, செவிப்பறையை மரக்கச்செய்து, நுண்ணிய ஊசியால் நடுச்செவியுள் மருந்து செலுத்துவர். நோயாளி அச்செவி மேனோக்க அரைமணி நேரமளவு படுத்திருப்பார். வட்டச் சாளரம் என்னும் மென்சவ்வினூடாக மருந்து உட்செவியுட் கசியும்.

அம்மருந்துகளுள் ஒன்று ஜென்ரமைசின். கிருமிகளைக் கொல்லப் பிறந்த இம்மருந்தின் நச்சுத்தன்மையே இங்கு பயனாகின்றது. அது சமநிலை உணரும் கலங்களைச் சிதைக்கும். பொய்ச்செய்தி அனுப்பிய உறுப்பு ஓய்ந்தபின், மூளை மறுசெவியையும் கண்ணையும் துணைக்கொண்டு நிலைபெறப் பழகும். ஆனால், ஒரு வீட்டில் இட்ட தீ அயல்வீட்டையும் பற்றுமன்றோ? எஞ்சிய கேள்வியும் அழிதல் கூடும். பின்னாளில் மறுசெவியும் நோயுறின், துணையாய் நின்றதும் தளரும். நோயைத் தீர்க்கப் புலனைக் காணிக்கையாக்குவதோ என்னும் வினா இங்கேதான் எழுகின்றது.

இங்கிலாந்தில் 60 நோயாளரிடம் நிகழ்ந்த ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. சிலருக்கு ஜென்ரமைசினும், சிலருக்கு மெதில்பிரெட்னிசொலோன் என்னும் ஸ்ரீரோயிட் மருந்தும் செவிப்பறை வழியே ஏற்றப்பட்டன. சிகிச்சைக்கு முந்திய ஆறு மாதங்களோடு ஈராண்டின் இறுதி ஆறு மாதங்களை ஒப்பிட்டபோது, தலைசுற்றல் முன்னவர்க்கு 87 வீதமும் பின்னவர்க்கு 90 வீதமும் குறைந்திருந்தது. பின்னைய மருந்தோ கலங்களை அழிப்பதன்று. அவ்வாய்வு சிறிதே; எனினும் அழித்தலே ஆற்றும் வழியென்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

குரலைக் கேட்டே தொழில் புரியும் ஆசிரியருக்கும் இசைவாணருக்கும் இது சிறு செய்தியன்று. எம்மருந்து என்பதை ஆராயுமுன், எதனை இழக்க இயலாது என்று நோயாளியை வினவுதல் மருத்துவரின் கடன். அதற்கு விடை கூறும் உரிமை நோயாளிக்கே உரியது.