நிலாவுக்குக் கீழே இரண்டு இலை

கணவனும் மனைவியும் சேர்ந்து சமைத்து, சேர்ந்தே உட்கார்ந்து சாப்பிட ஒரு சித்ரா பௌர்ணமி இரவு

அழகர் வைகையில் இறங்கும் சித்ரா பௌர்ணமியன்று மதுரை மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. விடியுமுன்னே ஆற்றுக்குப் போய் அழகரைப் பார்த்துவிட்டு வந்து, பகலெல்லாம் அலுத்துத் தூங்கி எழுந்தால், சாயங்காலம் அடுக்களையிலிருந்து நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணக்கும். ராத்திரி மொட்டை மாடியில் நிலாச்சோறு. அம்மா பெரிய பாத்திரத்தில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வருவார். நாங்கள் வட்டமாக உட்கார்ந்து கையை நீட்டுவோம். உள்ளங்கையில் ஒரு தயிர்ச்சோற்று உருண்டை, அதன் நடுவே கட்டைவிரலால் ஒரு குழி, குழிக்குள் கொஞ்சம் வத்தக்குழம்பு. ஒரு சுற்று முடிந்ததும் அம்மா தன் கையிலும் ஓர் உருண்டையை வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

மற்ற நாட்களில் எங்கள் வீட்டில் அது நடந்ததில்லை. அப்பா சாப்பிடுவார், அம்மா நின்று பரிமாறுவார். எல்லோரும் கை கழுவிய பிறகு, அடுப்படியில் தனியாக உட்கார்ந்து, மிச்சம் இருப்பதைப் போட்டுச் சாப்பிடுவார். நிலாச்சோறு அன்று மட்டும் அவரால் உட்கார முடிந்ததற்குக் காரணம் எளிது. எல்லாமே முன்பே சமைத்து, கலந்து, மாடிக்கு வந்துவிட்டது. எழுந்துபோய் எடுத்துவர எதுவும் கீழே இல்லை.

இது எனக்குப் புரியக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆக வேண்டியிருந்தது.

ஒருவர் நின்ற விருந்து

முதல் திருமண நாள் ஒரு விடுமுறையில் வந்தது. வெளியே போக வேண்டாம், வீட்டிலேயே நான் சமைக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்தது முறுகலான நெய் தோசையும் தக்காளிச் சட்னியும். முதல் தோசையை வார்த்துக் கொடுத்தேன். அவர் சாப்பிடும்போது நான் அடுத்த தோசைக்காகக் கல்லருகே நின்றேன். பிறகு, "நீங்க உட்காருங்க, நான் ஊத்துறேன்" என்று அவர் எழுந்துவிட்டார். நான் சாப்பிட்டேன், அவர் நின்றார். ஆசை ஆசையாகத் திட்டமிட்ட அந்த ராத்திரியில் நாங்கள் இருவரும் ஐந்து நிமிடம்கூட எதிரெதிரே உட்காரவில்லை. தோசை நன்றாகத்தான் வந்திருந்தது. தேர்ந்தெடுத்த பலகாரம்தான் அந்த ராத்திரிக்கு ஒத்துவரவில்லை.

தமிழில் கணவன் மனைவி உணவைப் பற்றிப் பேசும்போது குறுந்தொகையின் 167ஆம் பாட்டை நினைக்காமல் இருக்க முடியாது. கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் தயிரைத் தன் கையாலேயே பிசைகிறாள். அந்தக் கையை உடுத்த சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறியும் விடாமல் புளிப்புக் குழம்பு சமைத்துப் போடுகிறாள். அவன் ரசித்து உண்பதைக் கண்டு அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவர்கள் வீட்டுக்குப் போய் வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் இதைச் சொல்வதாகப் பாட்டு அமைந்திருக்கிறது. இத்தனை சிறிய காட்சிக்குள் இத்தனை அன்பை வைத்த பாட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆனாலும் அங்கேயும் சாப்பிடுவது அவன், பார்த்து மகிழ்வது அவள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் அதில் தெரிந்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. அந்த ஐந்து மணி நேரத்தோடு இன்னும் இரண்டு மணி நேரத்தைச் சேர்த்து, அதற்குக் காதல் விருந்து என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரே விதிதான். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒன்றாகத்தான் எழ வேண்டும். என்ன சமைப்பது, எப்போது சமைப்பது, எங்கே சாப்பிடுவது எல்லாவற்றையும் இந்த விதியை வைத்தே முடிவு செய்கிறோம்.

ஆறினாலும் குறையாத சமையல்

தோசை, பூரி, சப்பாத்தி, வடை, சுடச்சுடப் பொரிக்கும் மீன் எல்லாம் அருமையானவை. ஆனால் ஒருவரை அடுப்பருகே நிறுத்தி வைப்பவை. இரண்டு பேர் விருந்துக்கு, ஆறினாலும் சுவை குறையாத, முடிந்தால் ஆறியபின் சுவை கூடுகிற பண்டங்கள் வேண்டும். நிலாச்சோற்றுக்குக் கலந்த சாதம் செய்த நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது.

முதலில் புளியோதரை. கலந்த உடனே சாப்பிட்டால் புளி தனி, சோறு தனி. இரண்டு மூன்று மணி நேரம் ஊறினால்தான் புளிப்பும் உப்பும் காரமும் பருக்கைக்குள் இறங்கும். ஆறிய சோற்றில் மாவுச்சத்து இறுகிவிடுவதால் பருக்கை உடையாமல் உதிரியாக நிற்கும். இருவருக்கு ஓர் ஆழாக்கு அரிசி போதும். எலுமிச்சை அளவு பழைய புளியை வெந்நீரில் ஊற வைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். நாலு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப் பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசலை ஊற்றி, மஞ்சள் தூளும் உப்பும் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்க விடுங்கள். இறக்கும்போது வறுத்துப் பொடித்த மல்லி, வெந்தயம், எள்ளும், சுண்டைக்காய் அளவு வெல்லமும். நீர் வற்றி, எண்ணெயும் உப்பும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் இந்தப் புளிக்காய்ச்சல் சீக்கிரம் கெடாது. முந்தின நாளே செய்துவிடலாம். சோற்றை மட்டும் அன்று சாயங்காலம் வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆற்றிக் கலந்தால் போதும். வெறும் சோற்றைக் காலையிலேயே வடித்துச் சித்திரை வெக்கையில் ராத்திரிவரை வைக்க வேண்டாம். வெந்த பிறகும் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் அரிசியில் உண்டு, சூட்டில் அவை பெருகும்.

அடுத்தது தயிர்சாதம். அரை ஆழாக்கு அரிசியைக் குழைய வேகவிட்டு, சூட்டோடு மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விடுங்கள். நன்றாக ஆறிய பிறகு இரண்டு கரண்டி தயிர் மட்டும். முழுக்கத் தயிரிலேயே கலந்தால் சாப்பிடும் நேரத்துக்குப் புளித்துவிடும். பாலில் கலந்தது மெல்லத் தயிராகி, மாடிக்குப் போகும்போது சரியான பக்குவத்தில் இருக்கும். மேலே இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு தாளிப்பு. தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும், அந்தப் பருவத்துக்கே உரிய மாவடுவும்.

கூட ஒரு வறுவல். சின்ன உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து, மிளகாய்த்தூள், உப்பு, சோம்பு சேர்த்து இரும்புச் சட்டியில் மெதுவாக முறுக விடுங்கள். அப்பளத்தைப் பொரித்து, சூடு ஆறிய உடனே இறுக்கமான டப்பாவில் போட்டு மூடிவிட்டால் நமத்துப் போகாது.

அசைவம் இல்லாமல் விருந்தா என்று கேட்கிற வீடுகள் உண்டு. அங்கே மீனைப் பொரிப்பதற்குப் பதிலாகக் குழம்பு வையுங்கள். காலையில் வைத்த மீன் குழம்பு ராத்திரிக்குத்தான் ருசி கூடும் என்பது எந்தக் கடற்கரை ஊருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரியாணியும் ஒத்துவரும். தம் போட்டு மூடியபின் அரைமணி நேரம் அதை யாரும் கவனிக்க வேண்டியதில்லை. அந்த அரைமணி குளித்துத் தயாராகும் நேரம்.

இனிப்புக்குத் தனிச் சமையல் வேண்டாம். சித்திரை நுங்குக் காலம். இளசாகப் பார்த்து நாலைந்து நுங்கு வாங்கி, மேல்தோலை உரித்து, கையாலேயே துண்டாக்கி, காய்ச்சிக் குளிரவைத்த பாலில் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் போடுங்கள். கூடவே ஒரு மாம்பழம். அதை நறுக்கித் தட்டில் அடுக்க வேண்டாம். கத்தியையும் மாடிக்கு எடுத்துப்போய், பேசிக்கொண்டே கீறிக் கொடுங்கள்.

யாருக்கு எந்த வேலை

புளியோதரை ஒருவர் வீட்டுப் பக்குவம் என்றால் வறுவல் இன்னொருவர் வீட்டுப் பக்குவமாக இருக்கட்டும். எங்கள் வீட்டுப் புளியோதரையில் வெல்லம் உண்டு. என் மனைவி வீட்டில் வெல்லம் கிடையாது, எள் தூக்கலாக இருக்கும். முதல் வருடம் அவர் தன் அம்மாவுக்குப் போன் போட்டு எள்ளை எவ்வளவு வறுப்பது என்று கேட்டபோது, அந்தப் பேச்சிலிருந்து நான் அறியாத ஒரு சிறுமியைப் பற்றி நாலு கதைகள் தெரிந்துகொண்டேன். நாங்கள் இப்போது செய்வதில் வெல்லமும் இருக்கிறது, எள்ளும் தூக்கலாக இருக்கிறது. அதை இரண்டு அம்மாக்களும் தங்கள் புளியோதரை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது எங்கள் வீட்டுப் புளியோதரை.

வேலையை முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்று அடிக்கொருதரம் கேட்பது உதவி ஆகாது. அப்போது முழுச் சமையலும் கேட்கப்படுபவர் தலையிலேயே இருக்கும். எங்கள் கணக்கு இது: முந்தின நாள் புளிக்காய்ச்சல் அவருடையது, பொடி வறுப்பது என்னுடையது. அன்று காலை சந்தைக்குப் போய் நுங்கு, வாழை இலை, மதுரை மல்லி வாங்குவது நான். நாலு மணிக்குக் கிழங்கு வேகும். தோலை இருவரும் உரிப்போம். ஐந்து மணிக்குச் சோறு வடித்துக் கலப்பது அவர். பாத்திரம் முழுக்க நான். இதில் ஒன்று முக்கியம். மாடிக்குப் போகுமுன் தொட்டியில் ஒரு கரண்டிகூடக் கிடக்கக் கூடாது. கழுவாத பாத்திரம் கீழே காத்திருக்கிறது என்ற நினைப்பு ஒருவர் மனசில் இருந்தாலும், அவர் இன்னும் முழுதாக உட்காரவில்லை.

நிலா ஏறும் நேரம்

பௌர்ணமியன்று சூரியன் மறைவதை ஒட்டியே நிலா எழும். கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா ஏறுவதையும் ஒன்றாகப் பார்க்கக் கூட்டம் கூடுவது இதனால்தான். நகரத்தில் கட்டடங்களையும் தென்னைகளையும் தாண்டி நிலா மேலே வர ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே எட்டு மணி சரியான நேரம். அன்று விடுப்பு கிடைக்காவிட்டால் மறுநாள் வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக அதே நிலா வரும்.

மொட்டை மாடித் தளம் பகல் வெயிலைக் குடித்து வைத்திருக்கும். ஆறு மணிக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பெருக்கிவிட்டால், அது காயக் காயச் சூடும் இறங்கும். பிறகு ஒரு கோரைப் பாய். கல்யாணத்துக்கு யாராவது பத்தமடைப் பாய் கொடுத்திருந்தால், அதை வெளியே எடுக்கும் நாள் இதுதான். மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் சேர்த்து நெய்து கொடுக்கும் பாய் அது. பரணில் சுருட்டி வைப்பதற்காக அதை யாரும் நெய்யவில்லை.

காற்றில் இலை புரளும், அதனால் நாலு மூலையிலும் சின்னக் கூழாங்கல் வையுங்கள். விளக்கு வேண்டுமென்றால் ஒரே ஒரு அகல், அதுவும் பத்தடி தள்ளி. பக்கத்தில் வைத்தால் பூச்சிகள் இலைக்கு வரும். குடிக்கத் தண்ணீர், கை கழுவ ஒரு சொம்பு, துண்டு எல்லாம் முன்பே மேலே போய்விட வேண்டும். கைபேசிகள் கீழேயே இருக்கட்டும்.

எல்லா வீட்டுக்கும் மாடி கிடையாது. வாடகை வீட்டில் மாடிக் கதவைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்படியானால் கிழக்கே பார்த்த ஜன்னலடியில், கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, தரையில் பாய் விரியுங்கள். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் இருந்தால் அவர்களுக்கு ஏழு மணிக்கே இருவரும் சேர்ந்து பரிமாறுங்கள். தாத்தா பாட்டியோடு பிள்ளைகள் கதை கேட்கப் போன பிறகு உங்கள் பாத்திரத்தைத் திறக்கலாம். கைக்குழந்தை இருந்தால் அது நடுவில் உருண்டுகொண்டிருக்கட்டும். அதற்கும் ஒரு பருக்கை.

கடைசி உருண்டை

புளியோதரை முடிந்ததும் தயிர்சாதத்தை இலையில் போட்டுக்கொள்ளாமல், பாத்திரத்தோடு நடுவில் வைப்போம். ஒருவர் உருட்டி மற்றவர் கையில் வைக்க வேண்டும். உருட்டுகிறவர் தனக்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் வைப்பதை அவர் சாப்பிடுவார், அவர் வைப்பதை நான். யாரும் பரிமாறுகிறவர் இல்லை, யாரும் காத்திருக்கிறவர் இல்லை.

போன வருடம் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். மதுரை வீட்டு மாடியில் நாங்கள் கை நீட்டி உட்கார்ந்த அந்த ராத்திரிகள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அழகரையோ, நிலாவையோ, வத்தக்குழம்பையோ பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன்.

"இல்லாம என்ன? வருசத்துல அன்னிக்கு ஒரு நாளுதானடா எந்திரிக்காம சாப்பிட்டேன்" என்றார்.