பிரமிட்டின் நிழலில் ஒரு கடைத்தெரு

எகிப்து என்றதும் நம்மவர்களுக்கு பிர்அவ்னும் நைல் நதியும்தான் நினைவுக்கு வரும். வியாபாரியின் கண்ணுக்கு அங்கே வேறொன்றும் தெரியும். கீஸாவின் பெரிய பிரமிட் எழுந்து ஏறக்குறைய 4,500 வருடங்களாகின்றன. கட்டிய மன்னன் போய்விட்டான். அவன் அடுக்கிய கல்லோ ஒட்டகக்காரன் முதல் ஹோட்டல்காரன் வரை இன்றும் சோறு போடுகிறது.

டிக்கட் பணம் அரசாங்கத்துக்கு. உல்லாசப் பயணியின் சட்டைப் பையில் மிஞ்சுவது கெய்ரோவின் கான் அல்-கலீலி கடைத்தெருவுக்கு. 14ஆம் நூற்றாண்டில், மம்லூக்குகள் ஆண்ட காலத்தில் தொடங்கிய சந்தை அது. செம்புத் தட்டு, கண்ணாடி விளக்கு, அத்தர், வெள்ளிச் சாமான் என்று கையில் தூக்கிப் போகக் கூடியவையே அங்கு அதிகம் விலைபோகின்றன. எகிப்தில் பெபைரஸ் தாள் என்று சொல்லி வாழை நாரில் செய்த தாளைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. ஏமாந்தவன் ஊருக்குப் போய்ச் சும்மா இருப்பானா?

இந்த வியாபாரம் அமைதியை நம்பியது. 2010இல் எகிப்துக்கு ஒரு கோடி 47 இலட்சம் பேர் வந்தார்கள். கிளர்ச்சி நடந்த 2011இல் ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. நமக்கும் இது புதிதல்ல. 2018இல் 23 இலட்சம் பேர் வந்த இலங்கைக்கு, ஏப்ரல் குண்டுவெடிப்புகள் நடந்த 2019இல் வந்தவர்கள் 19 இலட்சம்.

பிரமிட் பார்க்க கெய்ரோவுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. மட்டக்களப்பு வழியாகக் கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் நம் வர்த்தகர்கள் பொலன்னறுவையைத் தாண்டித்தான் போகிறார்கள். மேலே போகப் போகச் சிறுத்துச் செல்லும் சத்மஹால் பிரசாதய என்ற ஏழடுக்குச் செங்கல் கட்டடம் அங்கே நிற்கிறது. அனுராதபுரத்து ஜேதவனாராமய 122 மீற்றர் உயரத்துக்கு எழுப்பப்பட்டது. அந்தக் காலத்தில் அதைவிட உயர்ந்தவை கீஸாவின் இரண்டு பிரமிட்டுகள்தான் என்பார்கள்.

இவற்றைப் பார்த்துவிட்டு அறுகம்பைக்குக் கரையோர வீதியால் வருகிற வெள்ளைக்காரர்கள் மருதமுனையைக் கடக்கிறார்கள். 2004 சுனாமியில் உயிர்களோடு தறிகளையும் பறிகொடுத்து, மறுபடி நெய்யத் தொடங்கிய ஊர். ஆனாலும் அங்கே ஒரு வேன் நிற்பதை நான் கண்டது அபூர்வம். சாரன் கடற்கரைக்கு ஏற்ற உடுப்பு. மடித்தால் பைக்குள் அடங்கும். வீதியோரத்தில் ஒரு தறி, ஆங்கிலத்தில் ஒரு பலகை, ஒவ்வொரு சாரனிலும் விலை எழுதிய அட்டை. இவ்வளவுக்கும் வங்கிக் கடன் தேவைப்படாது. தறியை ஓட்டிக் காட்ட ஐந்து நிமிடம் போகும்.